உள்ளூர்க்காரனா? கதவைச் சாத்து!

சிங்கப்பூரில் மெரினா பே சாண்ட்ஸ் ஓட்டலைச் சினிமாவிலாவது பார்த்திருப்பீர்கள். மூன்று உயரமான கட்டடங்கள், அவற்றின் தலைமேல் ஒரு கப்பலைத் தூக்கி வைத்தாற்போல மொட்டை மாடி. அந்த வளாகத்தில் ஒரு காசினோ இருக்கிறது. வெளிநாட்டுக்காரரா? பாஸ்போர்ட்டை நீட்டினால் போதும், ராஜ மரியாதையோடு இலவச அனுமதி. உள்ளூர்க் குடிமகனா? எடு 150 வெள்ளி! (அங்கே நம்மவர்கள் டாலரை வெள்ளி என்றுதான் சொல்வார்கள்.) நம்ம கணக்கில் ஏறக்குறைய பத்தாயிரம் ரூபாய். சீட்டைத் தொடுவதற்கு முன்னால், வெறுமனே உள்ளே கால் வைப்பதற்கு! அதுவும் 24 மணி நேரத்துக்குத்தான். வருஷ பாஸ் வேண்டுமென்றால் 3,000 வெள்ளி.

நம்ம ஊர்க் கோயிலில் காசு கொடுத்தவருக்கு ஸ்பெஷல் தரிசனம். அங்கே காசு கொடுத்தவருக்கு ஒரு ஸ்பெஷலும் கிடையாது. 'இவ்வளவு கொடுத்தாவது உள்ளே போகணுமா? வீட்டுக்குத் திரும்பிப் போயேன்' என்று அரசாங்கம் வாசலில் நின்று கேட்கிறது, அவ்வளவுதான். அந்தப் பணம் காசினோக்காரருக்கும் போகாது. அரசாங்க வாரியம் வாங்கி தர்ம காரியங்களுக்குச் செலவழிக்கிறது. 'நீங்கள் வாருங்கள், கட்டணத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று காசினோ சொன்னால் அது குற்றம்.

பல நாட்டுச் சூதாட்டச் சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரிகிறது. சூதாட்டம் நல்லதா கெட்டதா என்று எந்த அரசாங்கமும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. தோற்கப்போவது யார், நம்ம பையனா, ஊரான் பிள்ளையா? கேள்வி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தோற்கப்போவது என்று ஏன் இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறேன் என்றால், கணக்கு அப்படி. ரூலட் சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்கள், கூடவே ஒரு பூஜ்யம். ஆக 37 குழி. நீங்கள் பணம் கட்டிய எண்ணில் குண்டு விழுந்தால், கட்டிய பணத்தோடு அதன் 35 மடங்கு லாபம். அதாவது 37 குழி உள்ள சக்கரத்துக்கு 36 பங்குதான் திரும்பி வருகிறது. நூறு ரூபாய் கட்டினால் சராசரியாக 2 ரூபாய் 70 காசு கடைக்காரருக்கு. அமெரிக்கச் சக்கரத்தில் இரண்டு பூஜ்யம். அங்கே 5 ரூபாய் 26 காசு. ஒரு நாள் நீங்கள் ஜெயிக்கலாம். ஒரு வருஷத்துக்குக் கடைக்காரர்தான் ஜெயிப்பார். இதற்கு அவர் மோசடி எதுவும் செய்ய வேண்டியதில்லை, கரெண்ட் பில் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

இந்த ரகசியத்தை முதலில் அழகாகப் புரிந்துகொண்டவர் மொனாக்கோ நாட்டு ராஜா. 1861-ல் அவருடைய கையகல ராஜ்ஜியத்தில் பெரும்பகுதி பிரான்சுக்குப் போய்விட்டது. கஜானா காலி. மூன்றாம் சார்லஸ் ஆன அந்த மன்னர், ஜெர்மனியில் காசினோ நடத்திக்கொண்டிருந்த பிரான்சுவா பிளாங்க் என்பவரை 1863-ல் வரவழைத்தார். பிற்பாடு 'மான்டி கார்லோ' என்று உலகப் புகழ் பெற்ற சமாசாரம் அதுதான். வருமானம் கொட்டிய கொட்டில் 1869-ல் குடிமக்களுக்கு வரியையே நீக்கிவிட்டார் மன்னர். ஆனால் ஒரு நிபந்தனை: மொனாக்கோ குடிமகன் அந்த மேஜையில் உட்கார்ந்து ஆடக் கூடாது! ஐரோப்பியப் பிரபுக்கள் வந்து தோற்கட்டும், நீ வரி கட்டாமல் சௌக்கியமாக இரு. அந்தத் தடை இன்று வரை இருக்கிறது.

நேபாளத்திலும் இதே கதைதான். காட்மாண்டு காசினோக்களில் நேபாளிகள் ஆடத் தடை. அப்புறம் யார் ஆடுகிறார்கள்? வேறு யார், நம்மாட்கள்தான்! மலேசியாவில் ஒரே ஒரு காசினோ, கெந்திங் மலை உச்சியில். அங்கே முஸ்லிம்களுக்கு அனுமதி இல்லை.

தென் கொரியாவில் கொஞ்சம் சோகமான விவகாரம். காசினோக்கள் ஏகத்துக்கு உண்டு. ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் வெளிநாட்டுக்காரர்களுக்கு மட்டும். உள்ளூர் ஆட்களை உள்ளே விடும் அந்த ஒரே காசினோ, காங்வான் லேண்ட், மலைகளுக்கு நடுவே ஒரு பழைய நிலக்கரிச் சுரங்க ஊரில் இருக்கிறது. சுரங்கங்களை மூடியதும் ஊரே வேலையில்லாமல் தவித்தது. 1995-ல் சுரங்கப் பகுதிக்கென்று தனிச் சட்டம் போட்டு, 2000-ல் காசினோவைத் திறந்தார்கள். வேலை வந்தது. கூடவே அடகுக் கடைகளும் வந்தன. காரில் வந்து, காரையே அடகு வைத்துவிட்டு, பஸ்ஸில் திரும்பியவர்கள் கணக்கில்லை. கடைசியில் 'மாசத்துக்கு 15 நாளுக்கு மேல் வரக் கூடாது' என்று விதி போட்டார்கள். யோசித்துப் பாருங்கள்... விதி போட்ட பிறகு 15 நாள் என்றால், அதற்கு முன்னால் எத்தனை நாள் வந்துகொண்டிருந்தார்கள்!

மக்காவ் இன்னும் ஒரு படி மேலே. போர்ச்சுகீசியர் காலத்தில், 1847-லேயே அங்கே சூதாட்டம் சட்டப்படி ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் சீனா, அங்கே காசினோ கூடாது. நூற்றி நாற்பது கோடிப் பேர் இருக்கும் வீட்டில் மது தடை, வாசலை ஒட்டி ஒரு ஒயின் ஷாப் என்றால் வியாபாரம் எப்படி இருக்கும்? 2006-லேயே லாஸ் வேகாஸ் பிரதான வீதியின் வருமானத்தை மக்காவ் தாண்டிவிட்டது. காசினோ வசூலில் சுமார் 40 சதவிகிதத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்கிறது. (லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் அதிகபட்ச வரி ஆறே முக்கால் சதவிகிதம்தான்!) அந்தப் பணத்தில் நிரந்தரவாசிகளுக்கு வருஷா வருஷம் 10,000 பட்டாக்கா கையில் கொடுத்தார்கள், நம்ம பணத்தில் லட்சம் ரூபாயைத் தொடும். ஆனால் மக்காவ் அரசு ஊழியர் காசினோவுக்குள் ஆடப் போகக் கூடாது. சீனப் புத்தாண்டின் முதல் மூன்று நாளுக்கு மட்டும் விலக்கு! தீபாவளிக்கு மட்டும் ஹெட் கிளார்க் சீட்டாடலாம் என்று ஜி.ஓ. போட்டது மாதிரி. 2019 கடைசியிலிருந்து காசினோ ஊழியர்களும் டியூட்டி முடிந்த பிறகு சூதாட்டக் கூடத்துக்குள் நுழையக் கூடாது. சமையல்காரர் தன் சமையலைச் சாப்பிட மறுத்தால் நாம் சந்தேகப்படுவோம். இங்கே சாப்பிடக் கூடாது என்று சட்டமே போட்டிருக்கிறார்கள்.

பாஞ்சாலிக்கு ஒரு ஃபாரம்

மறுபடி சிங்கப்பூருக்கு வருவோம். நுழைவுக் கட்டணத்தைவிட சுவாரசியமான ஒரு ஏற்பாடு அங்கே இருக்கிறது.

சிங்கப்பூர் ரொம்ப காலம் காசினோ வேண்டாம் என்றே இருந்தது. லீ குவான் யூ அதற்குப் பரம எதிரி. 2005-ல் அவருடைய மகன் லீ சியன் லூங் பிரதமராக இருந்தபோதுதான், பெரிய விவாதத்துக்குப் பிறகு, இரண்டே இரண்டுக்கு அனுமதி என்று அறிவித்தார்கள். 2010-ல் இரண்டும் திறந்தன. திறக்கும் முன்பே வேலி போட்டுவிட்டார்கள். 21 வயது ஆகாதவருக்கு இடமில்லை. காசினோவுக்குள் ஏ.டி.எம். கிடையாது. உள்ளூர்க்காரருக்குக் கடன் கொடுக்கக் கூடாது. ஒரு லட்சம் வெள்ளி டெபாசிட் போட்ட பெரிய கைகளுக்கு மட்டும் விலக்கு. திவாலானவர், அரசாங்க உதவிப் பணம் வாங்குபவர் தானாகவே தடைப் பட்டியலில்.

இதெல்லாம் போக, 'குடும்ப விலக்கு உத்தரவு' என்று ஒன்று. கணவர் சம்பளத்தைக் காசினோவில் கரைக்கிறாரா? மனைவி மனு போடலாம். அப்பா, அம்மா, பிள்ளைகள், கூடப் பிறந்தவர்கள்கூடப் போடலாம். விசாரித்துவிட்டு உத்தரவு போட்டால், வாசலில் அடையாள அட்டையைத் தட்டியதுமே ஆள் வெளியே! சண்டை இல்லை, சமாதானம் இல்லை, மாமனார் பஞ்சாயத்து இல்லை. நமக்கே நம்மேல் நம்பிக்கை இல்லையென்றால் 'என்னை உள்ளே விடாதீர்கள்' என்று நாமே எழுதிக் கொடுக்கலாம். அங்கே வேலை பார்க்கும் வெளிநாட்டவரும் எழுதிக் கொடுக்க வழியிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சபலத்தில் ஆறு மாச உழைப்பைக் கோட்டை விடக்கூடிய, லிட்டில் இந்தியாவில் நாம் பார்க்கிற எத்தனையோ தம்பிமார்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

அஸ்தினாபுரத்தில் இப்படி ஒரு ஃபாரம் இருந்திருந்தால் பாஞ்சாலி சபைக்கு வர நேர்ந்திருக்காது. பதினெட்டு நாள் யுத்தமும் மிச்சம். தருமருக்கு மட்டும் அன்று மாலை பொழுது போயிருக்காது.

நெவாடாவிலும் ஒரு தடைப் பட்டியல் உண்டு. 1960-ல் ஆரம்பித்தது. 'கறுப்புப் புத்தகம்' என்று பெயர். ஆனால் அதில் இருப்பவர்கள் ரவுடிகள், காசினோவை ஏமாற்றுபவர்கள். சிங்கப்பூர்ப் பட்டியல் மனிதனைக் காசினோவிடமிருந்து காப்பாற்ற. நெவாடா பட்டியல் காசினோவை மனிதனிடமிருந்து காப்பாற்ற. 1931-ல், ஊரே பஞ்சத்தில் அடிபட்ட நேரத்தில், சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கிய மாநிலம் அது. அதே வருஷம், ஆறே வாரம் தங்கினால் விவாகரத்து என்றும் சட்டம் போட்டார்கள். இரண்டுக்கும் ஒரே வாடிக்கையாளர்கள்தானோ என்னவோ! இன்னொரு கூத்து... தடுக்கி விழுந்தால் ஸ்லாட் மெஷின் மேல் விழக்கூடிய அந்த நெவாடாவில் லாட்டரிச் சீட்டுக்கு இடமில்லை. மாநில அரசியல் சட்டமே தடுக்கிறது.

பக்கத்து ஜன்னல்

சட்டத்தை மீறாமல் சட்டத்தைச் சுற்றிப் போவது எப்படி என்று ஜப்பானியர்களிடம்தான் பாடம் கேட்க வேண்டும். அங்கே குதிரை, சைக்கிள், படகுப் பந்தயம் மாதிரி அரசு நடத்தும் சிலவற்றைத் தவிர பணம் வைத்து ஆடுவது குற்றம். ஆனால் தெருவுக்குத் தெரு 'பச்சின்கோ' கூடம். சுவரில் நிறுத்தி வைத்த கேரம்போர்டு மாதிரி ஒரு மெஷின். அதில் இரும்புக் குண்டுகளை விட்டு ஆடுவது. ஜெயித்தால் மேலும் குண்டுகள். அவற்றைக் கவுன்ட்டரில் கொடுத்தால் பணம் தர மாட்டார்கள். அய்யய்யோ, அது சட்ட விரோதம்! ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டியைப் பரிசாகத் தருவார்கள். உள்ளே துளியூண்டு தங்கம். அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மூலை திரும்பினால், ஒரு சின்ன ஜன்னல். கடைக்கும் அதற்கும் 'சம்பந்தமே இல்லை.' ஜன்னலில் பெட்டியை நீட்டினால் ஒரு கை நீண்டு பணத்தைக் கொடுக்கும். ஜன்னல்காரர் பெட்டியை ஒரு மொத்த வியாபாரிக்கு விற்பார். அவர் அதைத் திரும்பப் பச்சின்கோ கூடத்துக்கே விற்பார். மூன்று பேரும் தனித்தனி. போலீசுக்கு எல்லாம் தெரியும்.

அப்படிப்பட்ட ஜப்பானும் 2018-ல் முறையான காசினோ சட்டம் போட்டது. உள்ளூர்வாசிக்கு 6,000 யென் நுழைவுக் கட்டணம், வாரத்துக்கு மூன்று தடவை, 28 நாளில் பத்துத் தடவை, அவ்வளவுதான். சிங்கப்பூரைப் பார்த்துக் காப்பி அடித்து, மேலே கொஞ்சம் மசாலா. ஒசாகாவில் முதல் காசினோ 2030-ல் திறக்கத் திட்டம்.

சொந்தப் பிள்ளைகளையே ஆட விட்ட நாடு

இங்கிலாந்து கதை வேறு. அங்கே வெளியூர்க்காரனை நம்பிக் கடை நடக்கவில்லை. சொந்த ஜனங்கள்தான் வாடிக்கை.

1961 வரை அங்கே ஒரு அநியாயம் இருந்தது. பணக்காரர் தன் புக்கியிடம் அக்கவுன்ட் வைத்துக்கொண்டு, போனிலேயே கடனுக்குக் குதிரைமேல் பணம் கட்டலாம்; குற்றமில்லை. தொழிலாளி தெருமுனையில் ரொக்கமாகக் கட்டினால் குற்றம்! எனவே தெருத் தெருவாக ஆட்கள் சீட்டு வசூலித்தார்கள், போலீஸ் பிடித்தது, அபராதம் கட்டினார்கள், மறுநாள் மறுபடி வசூல். சகிக்காமல் 1960-ல் சட்டம் போட்டு, அடுத்த வருஷம் பந்தயக் கடைகளை அனுமதித்தார்கள். ஆனால் கடை அழகாக இருக்கக் கூடாது! டி.வி. கூடாது, டீ காப்பி கூடாது, வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே தெரியக் கூடாது. வந்தோமா, கட்டினோமா, போனோமா என்று இருக்க வேண்டும். சட்டம் கொண்டுவந்த மந்திரி பட்லரே, கடைகள் சவ அடக்கம் செய்பவரின் ஆபீஸ் மாதிரி ஆகிவிட்டன என்று பிற்காலத்தில் கிண்டலடித்தார்.

என்னைக் கேட்டால், இத்தனை நாட்டுச் சட்டத்திலும் புத்திசாலித்தனமானது இந்த அசிங்கமான கடைதான். ஆசைப்படுபவனைத் தடுக்காதே, ஆனால் ஆசையைக் கிளப்பிவிடாதே.

அப்புறம்? 1986-ல் டி.வி.யும் டீயும் வந்தன. 2005-ல் புதுச் சட்டம், டி.வி. விளம்பரங்கள் வந்தன. கடைக்குள் ஒரு மெஷின் வந்தது. இருபது விநாடிக்கு ஒரு தடவை 100 பவுன் வரை கட்டலாம்! பதினோராயிரம் ரூபாய்க்கு மேல். ஒரு சிகரெட் பற்ற வைத்து அணைப்பதற்குள் ஒரு மாசச் சம்பளம் அம்பேல். இந்தக் கடைகள் பணக்காரத் தெருக்களைவிட ஏழைத் தெருக்களில்தான் அதிகம் முளைத்தன. குடும்பங்கள் போராடின. உச்சவரம்பை 100 பவுனிலிருந்து வெறும் 2 பவுனாகக் குறைப்பதாக 2018-ல் அரசு அறிவித்தது, ஆனால் அமலுக்கு வரும் தேதியை இழுத்தது. 'இந்தத் தாமதத்தில் மேலும் குடும்பங்கள் கெடும்' என்ற நிலையில், அந்தத் துறை மந்திரி டிரேசி கிரௌச் பதவியையே ராஜினாமா செய்தார். அரசு இறங்கி வந்தது. 2019 ஏப்ரலில் 2 பவுன் அமலானது. 2020 ஏப்ரலில் கிரெடிட் கார்டால் சூதாடவும் தடை. 2025-ல் ஆன்லைன் ஸ்லாட்டுக்கும் வரம்பு போட்டார்கள்: 25 வயதுக்கு மேற்பட்டவருக்கு ஒரு சுற்றுக்கு 5 பவுன், 18 முதல் 24 வரை உள்ளவர்களுக்கு 2 பவுன். இளவட்டங்களுக்குத்தான் கடிவாளம் இறுக்கம்.

ஆஸ்திரேலியாவில் இன்னும் அந்த ஞானம் முழுசாக வரவில்லை. தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் சூதாட்டத்தில் உலகிலேயே அதிகம் தோற்பவர்கள் அவர்கள்தான் என்கிறார்கள். 'போக்கி' என்று செல்லமாகக் கூப்பிடும் ஸ்லாட் மெஷின்கள் பீர் கடையிலும் கிளப்பிலும் வரிசையாக நிற்கும். சிட்னி உள்ள மாநிலத்தில் 1956-லிருந்தே கிளப்களில் அனுமதி. அதே நாட்டில் மேற்கு ஆஸ்திரேலியாவில் மட்டும், பெர்த் நகரக் காசினோ ஒன்றைத் தவிர வேறெங்கும் அந்த மெஷின் கிடையாது. ஒரே நாடு, ஒரே ஜனம்!

நார்வேக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள், துணிச்சலான காரியம். மளிகைக் கடையில்கூட இருந்த ஸ்லாட் மெஷின்களை 2007 ஜூலை 1-ந் தேதியோடு நாடு முழுக்கப் பிடுங்கிவிட்டார்கள். செஞ்சிலுவைச் சங்கம் மாதிரி தர்ம ஸ்தாபனங்களுக்கே அதில் வருமானம் போய்க்கொண்டிருந்தது, அப்படியும் பிடுங்கினார்கள். பிறகு அரசு நிறுவனமே வேறு மெஷின்களைக் கொண்டுவந்தது. ரொக்கம் செல்லாது, சொந்தப் பெயரில் உள்ள கார்டுதான். அந்த நிறுவனத்தில் ஆடுபவர் ஒரு மாசத்தில் 20,000 குரோனருக்கு மேல் தோற்க முடியாது என்று உச்சவரம்பும் வைத்தார்கள். வரம்பு வந்ததும் ஆட்டம் குளோஸ். கெஞ்சினாலும் நடக்காது.

கதவே இல்லாத காசினோ

சிங்கப்பூரின் 150 வெள்ளி, கொரியாவின் 15 நாள், ஜப்பானின் 6,000 யென்... எல்லாவற்றிலும் ஒன்றைக் கவனித்தீர்களா? எல்லாமே ஒரு வாசலை நம்பி நிற்கின்றன. வாசல் இருந்தால் காவலாளி வைக்கலாம், கட்டணம் கேட்கலாம். செல்போனுக்கு வாசல் ஏது? சம்பளம் ஏறின ராத்திரி ஒன்றரை மணிக்கு, பக்கத்தில் மனைவி தூங்க, போர்வைக்குள் நடக்கும் காசினோவுக்கு யார் வந்து டிக்கெட் கிழிப்பது?

நம்ம ஊர்ச் சட்டமோ ஆரம்பத்திலிருந்தே வேறு கேள்வியைக் கேட்டுப் பழகியது. யார் ஆடுகிறார், எவ்வளவு தோற்கிறார் என்று கேட்காது. 'ஆட்டத்தில் திறமை இருக்கா, அதிர்ஷ்டம் இருக்கா?' 1967-ல் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை ஆட்டம் என்றது. 1996-ல் சென்னைக் குதிரைப் பந்தய வழக்கில் குதிரையையும் திறமைக் கணக்கில் சேர்த்தது. ஆபீஸ் முடிந்து நாலு பேர் உட்கார்ந்து ஆடிய ரம்மிக்கு அது நியாயம். பத்து லட்சம் பேர் போனில் ஆடிய ரம்மியில், திறமையோடு தோற்றவனின் வீட்டில் அதே அழுகைதான்.

2025 பிப்ரவரியில் தமிழ்நாடு ஒரு விதி கொண்டுவந்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை கூடாது. சென்னை உயர் நீதிமன்றமும் சரி என்றது. கதவு வைக்க இடம் இல்லாததால் கடிகாரத்தைக் கதவாக்கினார்கள். எனக்கு இது பிடித்திருந்தது. ஆனால் அதே ஆகஸ்டில் மத்திய அரசு ஒரேயடியாக, பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டத்துக்கும் தடை என்று நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேற்றிவிட்டது. நடத்துபவருக்கு மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. கிரிக்கெட் வீரர் சட்டையில் இருந்த பெயரே காணாமல் போனது, பார்த்திருப்பீர்கள். பெரிய கம்பெனிகள் கடையைச் சாத்தின. வழக்குகள் கிளம்பின. ஏதோ ஒரு தீவில் பதிவு செய்துகொண்டு, எந்த நாட்டுச் சட்டத்துக்கும் சிக்காமல் நடத்துகிறவன் மட்டும் டெலிகிராமில் 'ப்ரோ, வெல்கம் போனஸ்' என்று கூப்பிடுகிறான்.

அவனை எப்படித் தடுப்பது? நார்வேயில் பாங்குகளிடம் சொல்லி, வெளிநாட்டுச் சூதாட்டக் கம்பெனிகளுக்குப் பணம் போகாமல் மறிக்கப் பார்க்கிறார்கள். இங்கிலாந்தில் 2018-ல் மான்சோ என்ற பாங்க் தன் ஆப்பில் ஒரு சின்னப் பட்டன் வைத்தது. அதைத் தட்டிவிட்டால், நம் கணக்கிலிருந்து சூதாட்டக் கடை எதற்கும் பணம் போகாது. மற்ற பாங்குகளும் பின்னாலேயே வைத்தன. தட்டுவதற்கு ஒரு விநாடி. திரும்ப எடுக்க வேண்டுமானால் பாங்க் ஆளிடம் பேச வேண்டும், அதற்கு மேல் 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரண்டு ராத்திரி!

நம்ம பாங்க் ஆப்பைத் திறந்து பார்த்தேன். அந்த மாதிரி பட்டன் எதுவும் கண்ணில் படவில்லை. 'உங்களுக்கு மூன்று லட்சம் பர்சனல் லோன் ரெடி, ஒரே கிளிக்' என்று ஒரு பட்டன் மினுமினுத்துக்கொண்டிருந்தது.